தகர மனிதனில் ஒரு குறையும் இல்லை

எண்ணெய் டின்னை வெட்டி வேலை செய்கிறவர்கள் முதலில் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கற்றது.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆடிக் கிருத்திகையன்று என் மைத்துனன் வேணு இறந்துபோனான். நான் செய்த தகர மனிதனுக்குள் இருந்து இறந்தான். அது பற்றிய அறிக்கையில், ‘முன் அனுபவம் இல்லாதவர் செய்தது, காற்றுப் போக வழி வைக்கத் தெரியாததால் நேர்ந்த விபத்து’ என்று கண்டிருக்கிறது. ஒரு பத்திரிகை இன்னும் மேலே போய், ‘கத்துக்குட்டியின் கைவேலை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தது. அதை டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள். என் காதில் விழட்டும் என்றுதான் படித்தார்கள். அன்றே வந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். கோபத்தோடு எழுதினால் வாக்கியம் கோணலாகும் என்று தை பிறக்கும்வரை பொறுத்திருந்தேன்.

என் பெயர் பரந்தாமன். முருகன் கோயில் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற தெருவில், சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. படத்துக்குச் சட்டம் பொருந்தாவிட்டால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். படத்தில் ஒரு நூல் அகலம்கூட வெட்டக் கூடாது. அவசரத்தில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முருகனுக்கு வேல் நுனி போய்விடும், மயிலுக்குத் தோகை போய்விடும். வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்பதாம் வருஷம், மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் வெளிநாட்டு விண்வெளி சினிமா ஒன்றின் சுவரொட்டியைச் சட்டம் போடக் கொடுத்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே ஓர் எந்திர மனிதன் நேராக நின்றிருந்தான். கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி. வாய் கிடையாது. கழுத்தைச் சுற்றிப் போல்ட்டுகள். விரல்களுக்குப் பதில் கிடுக்கி. மார்பில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். அந்தப் பையன் படத்தை வாங்க வரவே இல்லை. கடைச் சுவரிலேயே மாட்டி வைத்தேன். அந்த சினிமாவை நான் பார்த்ததில்லை. எந்திர மனிதன் அதில் நல்லவனா கெட்டவனா என்று இன்றுவரை தெரியாது. அவன் நின்ற விதம் எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் இருந்த சாமிகளுக்கு நடுவே அவன் ஒருவன்தான் யாருக்கும் எதையும் கொடுப்பதாகக் கையைக் காட்டவில்லை.

அவனை ஆளுயரத்துக்கு வீட்டில் செய்வது என்று தீர்மானித்தேன். தகர வேலை எனக்குப் புதிது என்பதை மறுக்கவில்லை. முதலில் செய்த கை, மடிப்புக்கு இடம் விடாமல் வெட்டியதால் உழக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டாவது கை தோளில் மாட்டியதும் தூக்க வரவில்லை. அதன்பின் எங்கள் முறைக்கே வந்தேன். எல்லாவற்றையும் முதலில் அட்டையில் வெட்டி, உடம்பில் கட்டிப் பார்த்து, பிறகு தகரத்தைத் தொட்டேன். முழங்கைக்குச் சைக்கிள் டியூப். கண்ணுக்கு டார்ச் லைட் கண்ணாடி. கழுத்தில் தலையின் பாரம் தாங்க ரெக்சினில் பட்டை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “இன்னா பரந்தாமா, டால்டா டப்பாவுக்குக் கண்ணாலமா?” என்றார்கள். நான் தகரத்தைத் திருப்பி மறுபக்கம் தட்டினேன். பதில் சொன்னால் அவர்களும் நானும் ஒன்றாகிவிடுவோம்.

என் மனைவி கமலா பள்ளிப்பட்டுக்காரி. நெசவுக் குடும்பம். அவளுக்கு வெளியே போகிற பழக்கம் கிடையாது. நான் கடைக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். இது வெளியூர் ஜனம் எந்நேரமும் நடமாடுகிற ஊர். பெண் தனியாக இருக்கிற வீடு திறந்து கிடப்பது நல்லதல்ல. முதலில் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கௌரியம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஜன்னலுக்கு நானே பலகை அடித்தேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தகரம் தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு தராமல் இருந்தது. நாலு பேருக்கு இடைஞ்சல் இல்லாமல் வாழ்வது என் சுபாவம்.

அளவு பார்க்க ஆள் வேண்டியிருந்ததால் கமலாவை உள்ளே நிற்க வைப்பேன். அவளும் நிற்பாள். ஒருநாள் காலையில், சித்தி மகள் கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போய் வரட்டுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று அளவு பார்க்க நிறுத்தித் தலையை மாட்டிப் போல்ட்டுகளை முடுக்கிய பிறகு, கடையில் ஆள் காத்திருப்பது நினைவுக்கு வந்து போய்விட்டேன். திரும்பி வந்து கழற்றியபோது அவள் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறி, எழுப்பினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். கல்யாணத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தாடைக்கு அடியில் வரிசையாகத் துளைகள் போட்டேன். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ஆகவே படத்துக்கும் பங்கம் இல்லை. துளை போட்டபின் கமலாவை மறுபடி நிறுத்திப் பார்த்தேன். சோறு வடித்துக் குழம்பு கூட்டுகிற நேரம் வரை தாங்கினாள். அன்று நான்தான் சமைத்தேன். இதையெல்லாம் செய்து பார்த்தவனைத்தான், காற்றுக்கு வழி வைக்கத் தெரியாதவன் என்று எழுதியிருக்கிறார்கள்.

கௌரியம்மாள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறுகிற யாரிடமோ எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனி மாதத்தில் ஒருநாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது கமலாவின் தம்பி வேணு பூட்டிய கதவுக்கு எதிரே குந்திக்கொண்டு, கதவின் அடி இடுக்கு வழியாக வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். விசைத்தறியில் வேலை செய்கிறவன். நல்ல உடம்பு. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவன் அந்த ரகம். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னா பாவா, மாட்டக்கூட பகல்ல அவுத்து வுடுவாங்க. எங்கக்காவ இன்னாத்துக்கு பூட்டி வெச்சிகினு கீற?”

திருட்டுப் பயம் என்றேன்.

“திருடன் வந்தா இந்தத் தகரத்த தூக்கிகினு போவட்டும். அக்கா எங்கூட வர்றா.”

அவன் நினைத்திருந்தால் அன்றே பூட்டை உடைத்துக் கூட்டிப் போயிருக்கலாம். கமலாதான் தடுத்தாள். புருஷன் நாலு பேர் முன்னால் அனுப்பி வைக்காமல் பிறந்த வீட்டுப் படி ஏறினால், வாழாவெட்டி என்று பேர் கட்டிவிடுவார்கள் என்று அழுதாள். அது சரியான பேச்சு. அவர்கள் பக்கத்தில் அப்படித்தான். அவன் என்னைப் பார்த்தான். அனுப்பி வைக்கிற வார்த்தை என் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது.

“கிருத்திகை வரைக்கும் இரு. இத ஒரு தபா மாட்டிகினு நம்ம தெருக் காவடியோட பொய்கை வரைக்கும் நட. அங்கியே, ஜனத்துக்கு முன்னால, உங்கக்காவ உங்கூட அனுப்பிடறேன்” என்றேன்.

“மெய்யாலுமா?”

“மலைமேல கீறவன் சாட்சி.”

கிருத்திகைக்குத் தெருக்காரர்கள் பூக்காவடியோடு கரடி வேஷம், பொய்க்கால் குதிரை என்று எதையாவது சேர்த்து அழைத்துப்போவது வழக்கம். எந்திர மனிதனும் போகட்டும் என்று காவடிக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். வேணு எங்கள் வீட்டிலேயே தங்கினான். அவன் உடம்புக்காகத் தோளைப் பிரித்து அகலமாக்கினேன். அவன் இருந்ததால் பகலில் கதவு திறந்து கிடந்தது. கமலா வாசலில் நின்று தலை வாரினாள். அதை நான் கடையிலிருந்து வரும்போது தூரத்திலேயே பார்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். வேணு உள்ளே நின்றுகொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி நேராக நடக்காமல், இடுப்பை ஆட்டி, கிடுக்கியால் தகரத் தலையைச் சொறிந்து, கௌரியம்மாள் வீட்டு வாசலில் போய் மோர் கேட்டான். தெருவே கூடிவிட்டது. நான் இரண்டு வருஷம் செய்த முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் ஆடியதைப் பார்த்தார்கள். கழற்றியதும் வியர்வையோடு சொன்னான்:

“உள்ள சோறு வெந்துடும் பாவா. ஆனா மூச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஓட்டைய நல்லாத்தான் போட்டுகீற.”

இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உபயோகித்தவனே கொடுத்த சாட்சி.

அப்போது கமலா சிரித்தாள். வாயில் கை வைத்துக்கொள்ளாமல் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு பக்கம் தெற்றுப்பல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதை ஒரு விவரமாகத்தான் எழுதுகிறேன். வேறு அர்த்தம் இல்லை.

கிருத்திகையன்று காலையில் தாடைப் பக்கம் சில்லறை வேலை கொஞ்சம் இருந்தது, முடித்தேன். பம்பை அடிக்கிற கோதண்டத்தைத் தனியே அழைத்து, வேணு வாய் பேசாத வேண்டுதலில் இருக்கிறான், பொய்கைப் படியைத் தொடும்வரை என்ன ஆனாலும் தலையைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். கோதண்டம் பக்திமான். அலகு குத்திக்கொண்டு வாய் கட்டி வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறவன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. தகர நெற்றியில் விபூதி பூசி, இடுப்பில் மஞ்சள் துணி கட்டினான்.

கமலா சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தோளில் துணிப்பை. பொய்கையிலிருந்து நேராகப் பள்ளிப்பட்டு பஸ். வேணுவின் கழுத்தில் ரெக்சின் பட்டையை இழுத்துக் கட்டித் தலையை மாட்டும்போது அவன் என்னிடம், “வாக்கு மாறமாட்டியே பாவா?” என்று கேட்டான். மாறமாட்டேன் என்று சொல்லிப் போல்ட்டுகளை முடுக்கினேன்.

ஆடி வெயில் உங்களுக்குத் தெரியும். தெரு முழுவதும் மஞ்சள். பூக்காவடிகள் தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு போயின. எந்திர மனிதன் நன்றாக நடந்தான். இந்த முறை ஆட்டம் இல்லை. நேராக, நிமிர்ந்து, படத்தில் இருப்பதுபோலவே நடந்தான். அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. தெருமுனை திரும்புகிற இடத்தில் நடை தப்பியது. கிடுக்கியால் மார்பில் அடித்துக்கொண்டான். கழுத்தைப் பிடித்து இழுத்தான். கிடுக்கியால் போல்ட்டைத் திருக முடியாது. உள்ளே ஏதோ சத்தமும் வந்தது. பம்பைக்கும் அரோகராவுக்கும் நடுவே அது என்ன என்று சொல்ல முடியாது. கோதண்டம் அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

“சாமி வந்துட்ச்சி” என்றேன்.

இந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. மீதியை அவர்களே செய்தார்கள். கோதண்டம் அடியை வேகப்படுத்தினான். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். சாமி வந்தவர் கீழே விழாமல் இருக்க இடுப்பில் துண்டு போட்டுப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார்கள் அல்லவா. இரண்டு பேர் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். அவன் எவ்வளவு திமிறினானோ அவ்வளவு பெரிய சாமி என்று கும்பிட்டார்கள். இரும்புக்குள்ளேயே வந்துட்டாரே என்று ஒரு கிழவர் கண்ணீர் விட்டார்.

கமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அவளுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. தம்பிமேல் சாமி இறங்கியிருக்கிறது என்று முகமெல்லாம் பூரித்திருந்தது.

“கேட்டுக்கோ. உனக்கு இன்னா கேக்கணுமோ கேட்டுக்கோ” என்றேன்.

அவள் கையைக் கூப்பினாள்.

“முருகா, நைனா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போவட்டுமா?”

டார்ச் கண்ணாடி வழியாக அவளை அவன் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டினான். ஒரு கிடுக்கி அவள் தோளில் இருந்த பையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். விடவில்லை. அவள் பையோடு சேர்ந்து அவன் மார்பில் போய் மோதினாள்.

“பாத்தியா, பைய வுடமாட்டேன்றார். போவாதேன்னு உத்தரவு” என்றேன்.

கோதண்டம் அதை ஜனத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். ஜனம் அரோகரா போட்டது. கமலா கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆங், சாமி. நான் போவல” என்று சொல்லிப் பையைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். அது அவன் காலடியில் விழுந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அவன் ஆட்டம் அடங்கியது. கைகள் தொங்கின. கேட்டது கிடைத்ததும் சாமி மலையேறிவிட்டது என்றார்கள். துண்டைப் பிடித்திருந்த இருவரும் அவனை அப்படியே பொய்கைப் படிவரை தாங்கிக்கொண்டு போனார்கள். தலையை நான்தான் கழற்றினேன். ஸ்பேனர் என்னிடம்தான் இருந்தது. அவசரப்பட்டால் மரை தேய்ந்துவிடும் என்று வரிசையாக, நிதானமாகக் கழற்றினேன்.

இப்போது திருத்த வேண்டியதைச் சொல்கிறேன். காற்றுக்கு வழி இருந்தது. கிருத்திகையன்று காலையில், வேணு குளிக்கப் போயிருந்தபோது, தாடைக்கு அடியில் இருந்த துளைகள் எல்லாவற்றையும் ஈயம் வைத்து அடைத்தேன். அரத்தால் மட்டம் செய்து, வெள்ளிப் பெயிண்ட் பூசி, அது காயும்வரை விசிறினேன். கழுத்துச் சந்தில், படச் சட்டத்தின் பின்புறம் ஒட்டுவதுபோல, பசைத் துணியும் ஒட்டினேன். உங்கள் ஆட்கள் தாடையை விரலால் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்களுக்குத் தட்டுப்படவில்லை. ஒரு கத்துக்குட்டியால் அவ்வளவு சுத்தமாக அடைக்க முடியுமா என்பதை நீங்களே யோசியுங்கள். அடைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். அதைக் கமலாவை வைத்து முன்பே தெரிந்துகொண்டிருந்தேன்.

ஏன் அடைத்தேன் என்று கேட்பீர்கள். படத்தில் துளைகள் கிடையாது. படத்தில் இல்லாத ஒன்றை வைத்திருப்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஜனம் பார்க்கப்போகிற நாளிலாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேணுமேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. கமலா சிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் ஸ்டேஷன் கொல்லையில் எந்திர மனிதனைக் கூரை இல்லாத இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் தோள் துருப்பிடித்துவிட்டது. என்னிடம் கொடுத்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்து வைப்பேன். அறிக்கையிலும் ‘குறைபாடு’ என்கிற சொல்லை எடுத்துவிட வேண்டுகிறேன்.

இன்னொன்று. இதை என் மனைவியிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தம்பி உடம்பில் சாமி வந்து தனக்கு உத்தரவு கொடுத்ததாக நம்புகிறாள். ஒருவருடைய பக்தியைக் குலைப்பது பாவம். கிருத்திகைக்குப் பிறகு நான் வீட்டைப் பூட்டுவதே இல்லை. ஜன்னல் பலகையையும் எடுத்துவிட்டேன். வேணுவின் காரியத்துக்கு அழைத்துப்போக வந்த அவள் அம்மா வாசலில் நின்று கையை நீட்டி எவ்வளவோ கூப்பிட்டார்கள். கமலா உள்ளேயே நின்றுகொண்டு, உத்தரவு இல்லம்மா என்றாள். கௌரியம்மாள் தலை வாரிவிடக் கூப்பிட்டாலும் படி தாண்டுவதில்லை. நான் போய்ச் சாப்பிடச் சொல்லாமல் சாப்பிடுவதும் இல்லை. ஆகவே சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். கதவு அகலத் திறந்து கிடக்கிறது, அவள் போகவில்லை. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது, ஐயா.